பதினோராம் தேதி ஃபோன்

அலுவலகத்தில் அவளுக்குச் சதவீதக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வெளியே மழை பலமா என்று யாராவது கேட்டால், "போன வருஷம் இதே வாரத்தைவிட நூத்துக்கு எட்டு கூட" என்பாள். கேட்ட ஆள் குடையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்.

புள்ளியியல் துறையின் இரண்டாம் மாடியில், ஆலை உற்பத்திப் பிரிவில், ஜன்னலை ஒட்டிய மேஜை அவளுடையது. இருபத்தெட்டு வருஷமாக அதே மேஜைதான், நாற்காலி மட்டும் மூன்று முறை மாறியது. நாட்டின் பெரிய ஆலைகள் நானூறும் மாதம் பத்தாம் தேதிக்குள் அவளுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். என்ன செய்தோம், எத்தனை செய்தோம், எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், கீழே ஆலையின் முத்திரை. அவ்வளவையும் கூட்டினால் வருவதுதான் நாட்டின் ஆலை உற்பத்தி. வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தொகை கடல் கடந்து போகும். அங்கே ஓர் அமைப்பு எல்லா நாடுகளையும் வரிசையில் நிறுத்திப் பட்டியல் போடும்.

அந்தப் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்துவது கஷ்டம். "முதல் இடத்துல இருக்கற நாட்டைப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க. அங்க ஜனமும் அத்தனை. தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க, வண்டவாளம் தெரியும். இதோ கடைசிப் பக்கத்துல ஒரு குட்டி நாடு. மொத்தத்துல பொடிசு. ஆனா அவங்க வருமானத்துல மூணுல ஒரு பங்கு ஆலைலேர்ந்துதான் வருது. ஆலை படுத்தா நாடே படுத்துடும்." டீ குடிக்க வந்தவர்கள் ஆறிய டீயோடு திரும்பிப் போவார்கள்.

பத்தாம் தேதி தாண்டியும் படிவம் வராத ஆலைக்கு, பதினோராம் தேதி ஃபோன் செய்ய வேண்டும் என்பது விதி. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எடுக்காவிட்டால், அவள் ஒரு மதிப்பீடு போடலாம். போன மாத எண்ணை எடுத்து, அதே தொழிலில் இருக்கும் மற்ற ஆலைகள் எவ்வளவு ஏறினவோ அவ்வளவு ஏற்றி எழுதிக்கொள்ளலாம். இதில் அவள் கை தேர்ந்தவள். நிஜப் படிவம் தாமதமாக வந்து சேரும்போது, அவள் போட்ட எண்ணுக்கும் அதற்கும் நூலளவுதான் வித்தியாசம் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நானூறு படிவங்களில் ஒன்று அவள் அண்ணன் கையெழுத்தில் வரும். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில், முந்நூறு பேர் வேலை பார்த்த தண்ணீர் பம்பு ஆலையில் அவன் ஸ்டோர் கீப்பர். படிவம் நிரப்புவது அவன் பொறுப்பு. எட்டாம் தேதியே நிரப்பி, முத்திரை குத்தி மேஜைக்குள் வைத்துவிடுவான். ஆனால் அனுப்ப மாட்டான். பதினோராம் தேதி காலையில் அவள் ஃபோன் செய்தே ஆக வேண்டும் அல்லவா?

"வணக்கம், புள்ளியியல் துறைலேர்ந்து பேசறேன். உங்க ஆலைப் படிவம் இன்னும் வரலை."

"வணக்கம் மேடம். தாமதத்துக்கு வருந்துகிறோம் மேடம். பாப்பா, சாப்பிட்டியா?"

இருபது வருஷம் இப்படித்தான் போனது. அரசாங்கச் செலவில் பத்து நிமிஷம் குடும்பக் கதை பேசுவார்கள். மறுநாள் படிவம் வந்துவிடும். ஒரு நட்டு போல்டு கூடப் பிசகாத எண்கள். ஐம்பது வயது தாண்டியும் அவளைப் பாப்பா என்று கூப்பிட அந்த ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது.

அந்த உறவு ஒரு மதியச் சாப்பாட்டில் கெட்டது. அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிவியில் செய்தி ஓடியது. நாட்டு வருமானத்தில் ஆலைகளின் பங்கு உயர்ந்துவிட்டதாம்.

"எங்க ஆலைல பாதி மெஷின் நிக்குது," என்றான் அண்ணன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "உங்க கணக்குல மட்டும் எப்படிப் பாப்பா ஏறுது?"

சும்மா சீண்டல்தான். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுற்றிலும் அவள் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சொந்தங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஒரு ஆலையைப் பார்த்துட்டு உலகத்தையே பார்த்த மாதிரி பேசாதே. நீ எழுதி அனுப்பற எண்ணு மட்டும் நிஜம்னு யாருக்குத் தெரியும்? முதலாளி சொன்னதைத்தானே எழுதறே?"

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. அந்த எண்களில் ஒன்றைக் கூட அவன் யாருக்காகவும் வளைத்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள், அதுதான் கொடுமை. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணி பின்னாலேயே ஓடினாள்.

அதற்கடுத்த மாதம் படிவம் ஒன்பதாம் தேதியே வந்து சேர்ந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஏழு மாதம், ஒரு நாள் கூடத் தாமதமில்லை. ஃபோனுக்கு வேலையே இல்லாமல் அண்ணன் செய்துவிட்டான். கோபத்தை அத்தனை ஒழுங்காகக் காட்ட அவனால்தான் முடியும். அவள் ஒவ்வொரு மாதமும் அந்தப் படிவத்தை மற்றவற்றைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கையில் வைத்திருந்தாள்.

எட்டாவது மாதம் பத்தாம் தேதி வந்தது, படிவம் வரவில்லை.

பதினோராம் தேதி காலை அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஐயா வழிக்கு வந்துவிட்டார், பழைய விளையாட்டை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தாள். ஃபோனை எடுத்தாள். ஆலை எண்ணில் நாலு இலக்கம் அழுத்தினாள். பிறகு வீம்பு வந்தது. மறைமுகமாக எதற்கு? மன்னிப்போ சமாதானமோ, அவனே கூப்பிட்டுப் பேசட்டுமே. நாலு நாள் காத்திருந்தால் தேய்ந்தா போவான்? ஃபோனை வைத்துவிட்டாள்.

நாலு நாளில் ஃபோன் வரவில்லை. மாதக் கணக்கை முடிக்க வேண்டும். பதிவேட்டில் "அழைக்கப்பட்டது, பதில் இல்லை" என்று மூன்று முறை எழுதினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது. மதிப்பீட்டைப் போட்டாள். அடுத்த மாதமும் படிவம் இல்லை, ஃபோனும் இல்லை. அவளும் விடவில்லை, மறுபடி மூன்று வரி, மறுபடி மதிப்பீடு. அந்த வருஷம் மற்ற பம்பு ஆலைகளின் உற்பத்தி நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அதே வேகத்தில் அண்ணனின் ஆலையையும் அவள் ஏற்றிக்கொண்டே போனாள்.

மற்ற ஆலைகள் ஏன் ஏறின என்று அவள் யோசித்திருக்க வேண்டும். ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடையில் கூட்டம் சேரும், இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீம்பு பிடித்த மனுஷிக்கு எங்கே தெரியப்போகிறது?

பதினோரு மாதம் இப்படி ஓடியது. அப்போது தொழிலாளர் நலத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பம்பு ஆலை மூடிவிட்டது என்றும், அதனால் மருத்துவக் காப்பீடு நின்றுவிட்டது என்றும் தொழிலாளர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். மூடிய ஆலைத் தொழிலாளர்களுக்கு அரசு இலவச சிகிச்சை அட்டை தரும். ஆனால் ஆலை மூடப்பட்டதாக முதலாளி எங்கும் அறிவிக்கவில்லை. உங்கள் பதிவேட்டின்படி அங்கே உற்பத்தி நடக்கிறதா இல்லையா என்று தெரிவிக்கவும்.

கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். ஒரு ஃபோன் போதும். ஆனால் இப்போது ஃபோன் செய்து ஆலை மூடியிருப்பது தெரிந்தால், முப்பத்து மூன்று பொய் வரிகளும் வெளியே வரும். அதோடு அன்றைக்குத்தான் உலகப் பட்டியல் வெளியாகியிருந்தது. முப்பத்திரண்டாம் இடத்திலிருந்த நாடு, மயிரிழையில் பக்கத்து நாட்டை முந்தி முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. கூடத்தில் கேக் வெட்டினார்கள். இயக்குநர் முதல் துண்டை அவளுக்குத்தான் கொடுத்தார். ஏதோ சம்பளத் தகராறாக இருக்கும், சும்மா மனு போட்டிருப்பார்கள், மூடியிருந்தால் அண்ணன் சொல்லாமல் இருப்பானா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையில் கேக் பிசுபிசுப்போடு பதில் எழுதினாள்: "எங்கள் பதிவேட்டின்படி ஆலை உற்பத்தியில் உள்ளது."

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணியிடமிருந்து ஃபோன் வந்தது.

"வந்துடும்மா. உங்க அண்ணன் போயிட்டார்."

பஸ் ஆலை வழியாகத்தான் போனது. கேட்டில் பெரிய பூட்டு. "பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது" என்ற பலகை ஒரு பக்கம் ஆணி கழன்று சாய்ந்து தொங்கியது. லாரி வந்து திரும்புகிற இடமெல்லாம் முழங்கால் உயரம் புல். இந்தப் புல்லுக்குத்தான் போன மாதம் நூற்றுக்கு மூன்று ஏற்றிப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, முன் சீட்டுக் கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அண்ணி அவளை உள் அறைக்குக் கூப்பிட்டாள். அழுது தீர்ந்த குரலில் நிதானமாகச் சொன்னாள்.

"சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். காப்பீடு இருந்த வரைக்கும் ஓடிச்சு. ஆலை நின்னதும் ஒரு தடவையாக்கினோம். அட்டை வந்துடும் வந்துடும்னு இருந்தோம். ஆலை ஓடுதுன்னு சொல்லிட்டாங்களாம், மனு தள்ளுபடி ஆயிடுச்சு. அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை."

"அண்ணி, எனக்கு ஒரு வார்த்தை…"

"நான் சொல்லாமயா இருப்பேன்? ஃபோனை எடுத்தா பிடுங்கி வெச்சிடுவார். 'படிவம் வரலைன்னா அவ ஃபோன் பண்ணியே ஆகணும், அது அவ வேலை. அவ வேலைல தப்பு விடமாட்டா. பண்ணுவா பாரு'ம்பார். மாசா மாசம் பதினோராம் தேதி காலைல ஃபோனைப் பக்கத்துலயே வெச்சிட்டு உக்காந்திருப்பார். ஆலை நம்பரைத் தன் ஃபோனுக்கு மாத்தி வாங்கி வெச்சிருந்தார், தெரியுமா? நீ அங்க கூப்பிட்டா இங்க அடிக்கும்."

அண்ணி பீரோவிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினாலு படிவங்கள். முதல் மூன்றில் அவள் அலுவலகத் தபால் பிரிவின் சிவப்பு முத்திரை: "ஆலை முத்திரை இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." ஆலை முத்திரை பூட்டிய கேட்டுக்குள் கிடந்தது, அவன் எங்கே போவான்? அதற்கப்புறம் அவன் அனுப்பவில்லை. ஆனால் நிரப்புவதை நிறுத்தவில்லை. செய்தது: பூஜ்யம். வேலை பார்த்தவர்கள்: பூஜ்யம். குறிப்பு: ஆலை பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி போட்ட கையெழுத்து. கடைசி இரண்டில் எழுத்து கோணிக் கோணிப் போயிருந்தது, ஆனாலும் கட்டத்தை விட்டு வெளியே வரவில்லை.

"நீ பொய் எண்ணுன்னு சொன்னியாம்," என்றாள் அண்ணி. அதில் குத்தல் இல்லை. "அதையே சொல்லிட்டிருந்தார்."

அவள் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அண்ணி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

நாலாம் நாள் அலுவலகம் திரும்பியவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனுஷர். பதினாலு மாத எண்களையும் பூஜ்யமாக்க வேண்டும் என்றாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"மேடம், இப்ப கை வெச்சா மறுபடி முப்பத்திரண்டுதான். அடுத்த வருஷத் திருத்தத்தோட சேர்த்துப் பண்ணிக்கலாமே? ஒரு ஆலைதானே?"

"முந்நூறு பேர் அட்டைக்காகக் காத்திருக்காங்க சார். ஆலை ஓடுதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒருத்தர் போயிட்டார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க அண்ணன் சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அனுமதித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நலத்துறைக்கு முதலில் கடிதம் எழுதினாள்: ஆலை மூடப்பட்டுப் பதினாலு மாதம் ஆகிறது, முந்தைய பதில் தவறு, தவறு என்னுடையது. பிறகு மேஜையில் உட்கார்ந்து அண்ணனின் படிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்துப் பார்த்து ஏற்றினாள். பூஜ்யம்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்தாள். கடைசியில் திரை காரணம் கேட்டது. காரணம் இல்லாமல் எந்தத் திருத்தமும் பதிவாகாது. படிவம் தாமதம், தட்டச்சுப் பிழை, ஆலை தந்த எண் தவறு, மற்றவை என்று வரிசையாக இருந்தன. வழக்கமாக எல்லோரும் மூன்றாவதைத்தான் அழுத்துவார்கள். அவள் கை ஒரு கணம் அதன் மேல் நின்றது, பிறகு மற்றவைக்குப் போனது. பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

"ஆலை தந்த எண் சரி. நான் ஃபோன் செய்யவில்லை," என்று அடித்தாள். பதினாலு மாதத்துக்கும் பதினாலு முறை அதையே அடித்தாள்.