திசை மட்டும் சொல்லும் கருவி

என் மனைவி இறந்த மறுநாள் காலை கொடைக்கானலில் நல்ல வெயில். மகள் துபாயிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் முடிவாகியிருந்தது. முதல்நாள் சாயங்காலத்திலிருந்து மையத்தை, அதாவது உடலை, அடக்காமல் வைத்திருந்ததே மகளுக்காகத்தான். அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். போனில் படம் எடுத்துக் காட்டவும் வழியில்லை. தன் மையத்தை யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

நான் உத்தியோகம் பார்த்தது கீழே சமவெளியில், மகள் வந்து இறங்க வேண்டிய அதே விமான நிலையத்தில். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கூம்பு ஒன்று நிற்கும். வி.ஓ.ஆர். என்பார்கள். வானொலி அலையால் விமானத்துக்குத் திசை சொல்லும் பழைய கருவி. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் என் சோலி. பக்கத்தில் இரும்பு வந்தால் அலை பிசகும் என்று, லாரியை அருகில் நிறுத்துகிறவனிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். திசை கொஞ்சம் தப்பினாலும் அந்தக் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தப்பாகப் பேசுவதைவிட வாயை மூடிக்கொள்ளும் அந்தக் குணம் என்னிடம் ஒட்டவேயில்லை என்று என் மனைவி கேலி பண்ணுவாள்.

ஆனால் அது சொல்வது திசையை மட்டும்தான். எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஐ.எல்.எஸ். என்ற வேறு கருவி உண்டு. அதை நம்பி மேகத்துக்குள் வெகு தாழ்வாக வரலாம். வி.ஓ.ஆரை மட்டும் வைத்து வருகிற விமானி, குறித்த உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலேறிவிட வேண்டும்.

அன்றைக்கு ஐ.எல்.எஸ். பழுதுபார்ப்பில் இருந்தது. அங்கே இன்னும் வேலையில் இருக்கும் நண்பர் போனில் சொன்னார்.

"மேகம் தரையோட கெடக்குண்ணே. வி.ஓ.ஆர். நல்லாத்தான் ஓடுது."

எத்தனையோ வருஷம் நானும் பெருமையாகச் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அது போதாது.

போன் திரையில் மகளின் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டது போல நேராக வந்தது. மேலேறியது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடியும் மேலேறியது. என் பழைய கருவி மகளை ஓடுபாதைக்கு நேர்மேலே வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. விமானம் வடக்கே திரும்பிப் போய்விட்டது.

என் மனைவியின் அண்ணன், பஜாரில் கடை வைத்திருப்பவர், வாசல் வெயிலில் நின்று சத்தம் போட்டார்.

"இம்புட்டு வெயிலடிக்குது மாப்ள, எறங்குறதுக்கு என்ன கேடு? எல்லாம் அந்தப் பழைய மெஷின் பண்ற வேலை!"

"மெஷின் மேல பழி போடாதீங்க மச்சான்! வெயிலு இங்கதான். கீழ போய்ப் பாருங்க!" என்று கத்தினேன். துக்க வீட்டில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். உள்ளே போய்விட்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மெதுவாக வந்து கேட்டார்.

"மக வர எம்புட்டு நேரமாகுங்க?"

"வேற ஊர்ல எறங்கி மலையேறணும். பொழுது சாஞ்சிரும்."

"காத்திருக்கலாமா? நீங்க சொல்றதுதாங்க."

மையத்தைக் காக்க வைப்பது அதற்கு நோவினை என்று நம்பியவள் என் மனைவி. மகளுக்காக ஓர் இரவு வைத்தாகிவிட்டது. மனைவி, மகள் இருவரில் ஒருத்தியிடம் நான் முடியாது என்று சொல்லியாக வேண்டும்.

"எடுங்க" என்றேன்.

மகள் வந்து சேர்ந்தபோது வெயில் போய் மலை முழுக்க மூடுபனி. வீட்டுக்குள் நுழையாமல் நேரே அடக்கஸ்தலத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நல்லபடியாக வந்து சேர்ந்தாயே என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அது அவள் காதில் விழவில்லை.

"அம்மா எந்தப் பக்கம் அத்தா?"

கையை நீட்டிக் காட்டினேன். கொஞ்சமும் பிசகில்லாமல் சரியான திசைதான். அவள் என் விரல் போன பக்கமே வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே அத்தா" என்றாள்.