எமிலி பின்தங்க வேண்டும் என்று ஜெபித்தேன்

என் மகள் ஷெரின் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

நாங்கள் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறோம். ஷெரின் பள்ளி மாணவி. சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறாள். அவளுடைய கோச் ரென்சோ, ஓய்வுபெற்ற இத்தாலிய வீரர். அவரைப் பற்றி இணையத்தில் தேடினேன். ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார், ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அணித் தலைவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது, எதிர்காற்றைத் தடுத்து அவருக்கு முன்னால் ஓட்டுவது, அவர் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பது. கடைசிவரை அதுதான் அவர் வேலை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு வளைவையும் தாண்டியதும் திரும்பிப் பார், உன் அணிப் பெண் வருகிறாளா என்று.

எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஷெரினுக்கு ஒரு முதலிடம் வேண்டும். அவள் அணியிலேயே இருக்கும் எமிலிதான் எப்போதும் முந்தினாள். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை பந்தயம். உபவாசமிருந்தேன். ஜெபக் குழுவிலும் ஷெரினின் வெற்றிக்காக ஜெபிக்கச் சொன்னேன். தனியே முழங்காலில் நின்றபோது, "எமிலி பின்தங்க வேண்டும், ஆண்டவரே" என்று கேட்டேன்.

பந்தயத்துக்குக் காரில் போகும்போது, "எமிலி நின்னா நீ நிக்காதே. பைபிள்ல திரும்பிப் பாத்தவ உப்புத்தூணாயிட்டா, தெரியும்ல?" என்றேன்.

"மாம், தட்ஸ் ஸோ மீன். கோச் திரும்பிப் பாருன்னுதான் சொல்வார்."

"உங்க கோச் ஒரு ரேஸாவது ஜெயிச்சிருக்காராடி?"

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

மலைச் சாலை. காலையில் பெய்த மழையின் ஈரம் காயவில்லை. முடிவுக் கோட்டில் நின்றேன். முதலில் வந்தவள் எமிலி இல்லை. அடுத்து வந்தவளும் இல்லை. என் மனம் துள்ளியது. அந்தத் துள்ளலை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பிறகு மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். எமிலி மட்டுமல்ல, ஷெரினும் வரவில்லை.

ரென்சோ காரை எடுத்துக்கொண்டு மலைமேல் விரைந்தார். நான் ஈரப்புல்லில் விழுந்தேன். வெற்றி, கல்லூரி எதுவும் நினைவில் இல்லை. "யாராவது அவளைத் திரும்பிப் பார்க்கணும், ஆண்டவரே" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

நான் கேட்பதற்கு முன்பே ஒருத்தி பார்த்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த எமிலி, ஒரு வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பின்னாலேயே வந்த ஷெரினைக் காணவில்லை. உடனே வந்த வழியே திரும்பினாள். ஷெரின் வழுக்கி, சரிவில் மரங்களுக்குள் விழுந்து கிடந்தாள். சாலையில் போனவர்கள் கண்ணில் படாத பள்ளம். தொடையில் ரத்தக் குழாய் அறுந்திருந்தது. எமிலி இறங்கிப்போய் இரண்டு கைகளாலும் காயத்தை அழுத்திக்கொண்டு, ரென்சோவின் கார் வரும்வரை கத்தியபடியே இருந்திருக்கிறாள்.

அந்தக் கைகள் இல்லையென்றால் பிள்ளை பிழைத்திருக்க மாட்டாள் என்றார் மருத்துவர்.

ஆமாம், என் ஜெபம் கேட்கப்பட்டது. எமிலி பின்தங்கினாள்.

மருத்துவமனையில் ரென்சோவிடம் நன்றி சொல்ல வாய் வரவில்லை. சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற எமிலியின் தலையைத் தடவி, "இன்னிக்கு நீ நல்லா ரேஸ் பண்ணினே" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. எமிலியின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, அவளும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்க ப்ரே பண்றவங்கன்னு தெரியும். எமிலிக்காகவும் பண்ணியிருப்பீங்க, இல்லையா?"

"பண்ணினேன்" என்றேன்.

ஷெரின் இப்போது கோலூன்றி நடக்கிறாள். காலையில் ஜெபிக்கும்போது எமிலியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். அன்பானவர்களே, உங்கள் பிள்ளைக்காகத் துணிந்து கேளுங்கள், அவர் கேட்கிறார். பக்கத்தில் ஓடும் பிள்ளைக்காகவும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கான உதவியை அவர் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து வைத்திருக்கலாம்.

எமிலியின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நாளை அவள் வீட்டுக்குப் போய் அவளுக்குப் புரியும் மொழியில் இதைச் சொல்லப் போகிறேன். என் வாய் அடைத்துப் போகாதபடி ஜெபித்துக்கொள்ளுங்கள்.