பக்க எண் கேட்ட சிவப்பு மை

தபால்காரர் அந்த உறையைக் கல்லாவின் மேல் வைத்தபோது நான் ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா பேருக்கு கவர் வந்துகீது மொதலாளி. நல்லா கனமா கீது," என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் மனைவி தபால் வழியாக ஆங்கில எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஜவுளிக்கடை தி. நகரில், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் வீடு. வீட்டுக்கு வரும் தபாலைக் கீழ் வீட்டுக்காரர்கள் எங்காவது செருகிவிட்டு மறந்துபோவார்கள் என்று அவளே கடை முகவரியைக் கொடுத்திருந்தாள். என்னை அந்த அளவுக்கு நம்பியிருக்கிறாள் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நான் பிரித்திருக்கக் கூடாது. பிரித்தேன். கடைக்கு வரும் உறை எதுவானாலும் பிரிப்பது நான்தானே என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அது சும்மா. அவள் பக்கம் பக்கமாக என்னதான் எழுதி அனுப்புகிறாள் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு ஒரு வருடமாகவே இருந்தது.

அவள் அடையாறில் வளர்ந்தவள், பட்டதாரி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள். நான் பி.யூ.சி.யில் இரண்டு முறை தோற்றுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன். கல்யாணமான மூன்றாம் வருடம் அவள் வயிற்றிலிருந்த பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பேசவில்லை. மேலே படிக்கட்டுமா என்று அவள் கேட்டபோது என் அம்மாதான் முதலில் பாய்ந்தார்.

"ஏய்யா, பொம்பளப் புள்ள படிச்சு கலெக்டராவா ஆவப்போறா? ஒரு புள்ளையப் பெத்தா எல்லாம் சரியாப் போவும்."

படிக்கட்டும் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு வாரம் என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம்கூட, "வீட்டுல எம்.ஏ. படிக்கிறாங்க," என்று சொல்லிக்கொள்வேன். அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டதில்லை.

உறைக்குள் இருந்தது இக்கால அமெரிக்க நாவல் என்ற பாடத்துக்கு அவள் எழுதிய விடைத்தாள். எங்கோ ஓர் ஊரில் இருக்கும், அவள் கண்ணால்கூடப் பார்த்திராத ஓர் ஆசிரியர் திருத்தி அனுப்பியிருந்தார். கேள்வி இதுதான்: பாடத்துக்கு வைத்திருந்த ஒரு நாவலில் வரும் கணவனின் குணத்தை ஆராய்க, அவன் வழியாக நாவல் எதைச் சொல்ல வருகிறது என்று விளக்குக. விற்பனை வரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் அளவு ஆங்கிலம் எனக்கு உண்டு. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன்.

முதல் மூன்று பக்கங்கள் சாதுவாகத்தான் போயின. நாவலின் கணவன் ஒரு சிற்றூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். கடன்காரர்களிடம் பணிவு, மனைவியிடம் கூச்சல். கடைசியில் ஒரு காலையில் அவள் சின்னப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். இதையெல்லாம் பக்க எண்களோடு அழகாக எழுதியிருந்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி. அதை இன்றும் என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

அவன் கொடியவன் அல்ல. அவள் பேசும்போது குறுக்கே பேசமாட்டான். கையில் கிடைத்ததை மடித்துக்கொண்டே கேட்பான். துண்டு, செய்தித்தாள், எதுவானாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பான். அவள் சொல்லி முடித்ததும், "சரி, வேற?" என்பான். கடையில் வாங்க வருகிறவர்களிடம் கேட்கும் அதே குரலில். வயிற்றில் குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்ன அன்றும் அவன் அதைத்தான் கேட்டான்.

பத்தியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு கட்டம். ஓரத்தில், 'இது நாவலில் எங்கே வருகிறது? பக்க எண் என்ன?' என்று எழுதியிருந்தது. கடைசித் தாளில், பதினைந்து நாளுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் இந்தத் தாளைக் கணக்கில் கொள்ள மாட்டோம், அந்த வருடம் பரீட்சை எழுத முடியாது என்று ஒரு குறிப்பு.

எனக்கு வந்தது கோபம்தான். வேறு ஏதாவது வந்தது என்று சொன்னால் பொய். வீட்டு விஷயத்தை ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறாளே என்று தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் ரவிக்கைத் துணி கேட்டு வந்தார். நாலு துணியைத் தூக்கி எறியாத குறையாகப் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். உறையை மேசை இழுப்பறைக்குள் பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் தள்ளிப் பூட்டினேன்.

அன்றைக்குச் சாப்பிட வந்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, எனக்கு ஏதாவது கவர் வந்துச்சா?"

"வரல."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். ரசம் ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். நானும் சலிக்காமல் இல்லை என்றேன். அதை அப்படியே கிடக்க விட்டால் அவள் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாவது நாள் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பத்தி நாவலிலேயே இருக்குமோ? அமெரிக்காவிலும் கடைக்காரன் கடைக்காரன்தானே, அவனும் இப்படிக் கேட்கமாட்டானா? பக்க எண்ணை மட்டும் அவள் மறந்திருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்படி இருந்தால் நான் தப்பித்தேன். அவள் என்னை எழுதவில்லை, எவனோ ஒருவனை எழுதியிருக்கிறாள். வீட்டிலிருந்த அவள் பிரதியைத் தொட்டால் ஏன் என்று கேட்பாள். மயிலாப்பூர் லஸ் முனையில் பழைய புத்தகங்களைக் கிளறிக் கிளறி, மூன்றாம் நாள் அந்த நாவல் கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு மாணவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டதும் கடைக்குத் திரும்பாமல் பனகல் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நாலு நாள். வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்த ஒரே ஆங்கில நாவல் அதுதான். பரீட்சைக்குப் படிக்கிறவன்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டான். அந்தக் கணவன் வாயைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

ஆரம்பத்தில் அவனைப் பார்த்து எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. குடிக்கிறான். தட்டை வீசி எறிகிறான். நான் குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. ஒப்பிட்டுப் பார்த்து முதுகில் தட்டிக்கொண்டேன். பாதிக்கு மேல் போகப் போக அந்த மகிழ்ச்சி வற்றிவிட்டது. அவன் கத்துகிறான் என்றால் அவள் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. சுடுகிறது, அதனால் கத்துகிறான். கத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்று அவள் சொன்ன வார்த்தைகளைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான். அவள் பஸ் ஏறிப் போனபின் அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. என் மனைவி சொன்னதில் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று யோசித்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடி வெகுநேரம் யோசித்தேன். கொத்துமல்லி வாங்கி வரச் சொன்னது ஞாபகம் இருந்தது.

நாவல் முடிந்துவிட்டது. "சரி, வேற?" என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை. குழந்தையும் இல்லை. சிவப்பு மை கேட்ட பக்க எண்ணைச் சொல்லக்கூடிய ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

அந்த நாள் அப்போது ஞாபகம் வந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். "நேத்துலேருந்து குழந்த அசையல," என்றாள். சூரத்திலிருந்து துணி பேல் வந்து இறங்கியிருந்தது, கடையில் பிரிக்க ஆள் இல்லை. "சரி, வேற?" என்றேன். அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஏதும் சொல்லவில்லை. வித்தியாசம் இருந்திருக்காது என்றும் சொல்லவில்லை.

பதின்மூன்றாவது நாள் கடைக்கு விடுமுறை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். முந்தின நாளே கடையிலிருந்து எடுத்து வந்திருந்த உறையை அவள் முன்னால் வைத்தேன். ஓரம் கிழிந்திருந்ததைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"பத்து நாளைக்கு மேல ஆச்சு."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களைப் புரட்டி, கட்டம் போட்ட பத்தியைப் படித்தாள், கடைசிக் குறிப்பைப் படித்தாள், சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு மேசையருகே உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"நான் அந்தப் புக்க வாங்கிப் படிச்சேன். முழுசும் தேடினேன். நீ எழுதுனது அதுல இல்ல," என்றேன்.

"இல்லதான்," என்றாள்.

அளவுகோலை வைத்து அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அத அடிக்காத."

"புக்குல இல்லாதத எழுதினா மார்க் குடுக்க மாட்டாங்க," என்றாள். அடுத்த வரியிலும் கோடு போட்டாள்.

நான் பேசினேன். நின்றபடியே, கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், வார்த்தை வராமல் திணறித் திணறிப் பேசினேன். அந்தத் துண்டைச் சொன்னேன், பேலைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் குழந்தையை எனக்கு மட்டும் காட்டியதையும், தலை நிறைய முடி இருந்ததையும், அதை அதுவரை ஒருவரிடமும் சொல்லாததையும் சொன்னேன். பிடறியில் அந்த முடி ஈரமாக ஒட்டியிருந்தது என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். குழந்தை போன இந்த நாலு வருடத்தில் நான் அழுதது அப்போதுதான்.

அவள் குறுக்கே பேசவில்லை. தன் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடித்த பத்திக்குப் பதிலாக வேறு ஒன்றை எழுதினாள், பக்க எண் போட்டாள். மை காய ஊதினாள். தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மூன்றாக மடித்துப் புது உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினாள். நான் முடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் உறையை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல மொத தபால்ல போட்டுருங்க," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "சரி, வேற?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்தே சொன்னாளா, என்னோடு இருந்து இருந்து அவளுக்கும் ஒட்டிக்கொண்டதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கடையில் ஆயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி. எதிர்ப் பக்கம் நின்று அதைக் காதில் வாங்கியது அன்றைக்குத்தான்.

"வேற ஒண்ணும் இல்ல," என்று சொல்லி உறையை வாங்கிக்கொண்டேன்.