கூச்சம் போன கால்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள்? பசறையில் இருக்கும் என் நண்பன், தன் அப்பாவுக்கும் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், என்று நேற்று சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமாவுக்கும் அதே வருத்தம்தான். அதைவிடப் பெரிய வருத்தம் கால் கூச்சம். உள்ளங்காலில் ஒரு விரல் பட்டால் போதும், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளெல்லாம் அதிரக் கத்திக்கொண்டு துள்ளுவார். எனக்கு வேறு விளையாட்டுச் சாமானே தேவைப்படவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தோட்டத்து அம்மன் திருவிழாவில் தீ மிதிப்பதாக மாமா நேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் முழுக்க அதைப் பரப்பியவன் நான்தான். தீமிதிக்கு முதல் நாள் மத்தியானம் மாமா கால் நீட்டிப் படுத்துப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கோழி இறகோடு போய் வருடினேன். பேப்பர் புரண்டது, கால் புரளவில்லை.

"அம்மா, மாமாவுக்கு அம்மன் எறங்கிட்டா! கூச்சமே இல்ல!"

"பாத்தியா மாப்ள, நாளைக்குத் தீயெல்லாம் பூதான்" என்று மாமா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. மாமாவின் காலை மடியில் தூக்கி வைத்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"இது எப்ப வந்துச்சுண்ணே?"

மாமாவுக்கே தெரியவில்லை.

"சீனியில கால் மரத்துப் போச்சு. நெருப்பு சுட்டாலும் ஒனக்குத் தெரியாது. புண்ணு ஆறாம காலயே எடுத்துருவாங்க. நீ தீ மிதிக்க வேணாம். அம்மங்கிட்ட நான் பேசிக்கிறேன், ஒனக்குப் பதிலா நான் பால்குடம் எடுக்குறேன்."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். ரெண்டு கால்லயும் நின்னு கேட்டுக்க."

மறுநாள் அம்மா பால்குடம் எடுத்தார். மாமா காலில் கட்டோடு வேடிக்கை பார்த்தார். நான் கூட்டாளிகளுக்குப் பயந்து ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் பதுளை கிளினிக்கில் மாமாவைக் கண்ணை மூடச் சொன்னார்கள். நர்ஸ் மிஸ் ஒரு நைலான் நூலால் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "பட்டா சொல்லுங்க" என்றார். மாமா வாயே திறக்கவில்லை. அம்மா மேல் இன்னும் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மாமா தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். செருப்பை உதறித்தான் போடுகிறார். "மொகத்தக்கூட இவ்வளவு நேரம் பாக்கலயே மாமா" என்று கிண்டல் பண்ணுவேன். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

இதை அப்படியே நண்பனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"இப்பத்தான் எறகால வருடிப் பாத்தேன், எங்கப்பா சிரிக்கலடா."