சமத்துப் பிள்ளை

தடுப்பூசி அறையில் எந்நேரமும் அழுகை காதைப் பிளக்கும். பதினெட்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டே நர்ஸ் அக்காவுக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பேர் வந்துவிட்டது.

அன்று வரிசையில் ஆறு வாரப் பிள்ளை ஒன்று மட்டும் சத்தமே இல்லாமல் கிடந்தது. “ரொம்ப சமத்துக்கா. நேத்திலேருந்து பாலுக்குக்கூட அழல,” என்றாள் தாய், பெருமையாக.

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள், பிள்ளை கண் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

“இது சமத்தில்லம்மா, சீக்கு!” வாரி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

ஐந்தாம் நாள் வார்டில் எட்டிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. தாய் பதறினாள்: “மன்னிச்சுக்கங்கக்கா, ஊரைக் கூட்டுறான்.”

“கூட்டட்டும்,” என்று சிடுசிடுத்தாள் அக்கா. “அவன் வாயை அடக்கினே, உனக்கு இருக்கு!”