எலும்புக்குள் ஒரு கயிறு

தேய்ந்த பல்துலக்கியால் எலும்பின் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தன கைகள். வெந்நீரும் அம்மோனியாவும் பட்டு விரல் நுனிகள் வெளிறியிருந்தன. எலும்பிலிருந்து எண்ணெய் கசிவது நின்றால்தான் மாணவர்கள் துளைபோட்டுக் கம்பி கோத்து எலும்புக்கூட்டை நிறுத்த முடியும். குட்டித் திமிங்கலத்தின் இடப்பக்கத் துடுப்பின் எலும்பு அது. நடுவில் ஒரு கயிறு இறுகியிருக்க, அதன் மேலேயே எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. அறுபடாத அந்தக் கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துத் திரிந்திருக்கிறது குட்டி.

வெர்னா கார்வர் தேய்ப்பதை நிறுத்தினாள். கயிற்றின் இரண்டு முனைகளைப் பிரித்துப் பின்னிச் சேர்த்திருந்த இடம் கண்ணில் பட்டது. பின்னல் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. எங்கள் படகுத்துறையில் இடதுகையால் கயிறு பின்னுகிறவள் அவள் ஒருத்திதான்.

மத்தி மீன் ஆலை மூடியபின் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கரையொதுங்கும் திமிங்கல உடல்களைக் குதிரைச் சாணத்தில் புதைப்பாள், மட்கியதும் மாணவர்களோடு தோண்டி எடுத்து எலும்புகளைச் சுத்தம் செய்வாள். குளிர்காலத்தில் கணவன் ட்வைட் கடலடியில் இறக்கும் சிங்கி இறால் கூண்டுகளுக்குக் கயிறு பின்னுவாள். திமிங்கலம் சிக்கினால் அறுந்துவிடும்படி கயிற்றின் இடையில் ஒரு நலிந்த துண்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் நீரோட்டத்தில் அந்தத் துண்டு அறுந்து கூண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு குளிர்காலம் ட்வைட் கேட்டுக்கொண்டதால், துண்டை வெட்டி எறிந்துவிட்டு நேராகப் பின்னிக் கொடுத்தாள்.

ட்வைட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"அறுத்து எடுத்துரு."

"எடுத்தாலும் பள்ளம் இருக்குமேய்யா."

"பள்ளம் இருந்தா இருந்துட்டுப் போவுது. அதுல யாரு பேரு எழுதியிருக்கு? இந்தக் கயிறு வெளிய வந்தா என் லைசென்சு மட்டுமா போகும்? வசந்தத்துல யாரும் கூண்டு போட முடியாம கடலயே மூடிருவானுங்க. துறையில ஒருத்தன் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"பசங்க இது எப்பிடிச் செத்துச்சுன்னுதான முதல்ல கேப்பாங்க?"

"வயசாயி செத்துச்சுன்னு சொல்லு."

"குட்டிய்யா இது. பால்குடி மறந்து ஒரு வருசம் ஆயிருக்காது."

அவன் மேசைமேல் இருந்த கத்தியை எடுத்தான். அவள் எலும்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். கத்தியை வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமலே போனான். அன்று சாப்பிட வரவில்லை. படகிலேயே படுத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

காலையில் வகுப்பு கூடியது. முதுகெலும்புகள் தரையில் பரப்பிய மணலில் வரிசையாகக் கிடந்தன. இடப்பக்கத் துடுப்பு டாம்சின் ஆலி என்ற பெண்ணின் பங்கு. அவள் அப்பாவுக்கும் படகு உண்டு.

"வெர்னா ஆன்ட்டி, திமிங்கலத்தோட கைக்கு மட்டும் இவ்ளோ நாளா? மெனிக்யூர் பண்ணீங்களா என்ன?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், எலும்பைப் பார்த்ததும் நின்றாள். "இத எடுத்துட்டுத்தான மாட்டணும்?"

"இல்லம்மா. இதோடதான் மாட்டணும்."

"இந்த எடத்துல அறுந்திருக்கணுமே. யாரு இப்பிடிப் பின்னுனது?"

மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்."

டாம்சின் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். வெர்னா எலும்பை அவற்றில் வைத்தாள்.