காதால் கலந்த ஷாம்பெயின்

வாஹித் பாஷாவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. மேல்விஷாரத்து வீட்டில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவார். "கால்ல இன்னா சக்கரமா கட்டியிருக்கு?" என்று அவருடைய வீட்டுக்காரி சுகரா பேகம் கேட்பாள். சக்கரம் காலில் இல்லை, காதில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் கேட்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷக் கோடையில், அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. அவர் பட்லராக இருந்த பங்களாவின் துரை நல்ல மனிதர்தான். அலமாரியிலிருந்த கொயினா மாத்திரையைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று. போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. காது காலிசெய்த இடத்தில் ஓர் இரைச்சல் குடிவந்தது. காய்ந்த எண்ணெயில் நீர் தெளித்தாற்போல ஓயாத ‘புஸ்’. நடந்தால் அது சற்று அடங்குவது போலிருக்கும், அதனால் நடந்துகொண்டே இருந்தார். யாராவது பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும்.

பங்களா பாலாற்றுக்கு அக்கரையில் இருந்தது. தோல் கம்பெனியின் மானேஜர் துரை குடியிருந்த வீடு. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் ஊறல் தொட்டிகளின் வாடை சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்காரும். வாஹித் பாஷாவின் அப்பா அப்படிப்பட்ட தொட்டிகளில்தான் காலத்தைக் கழித்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணியை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, துவர்ப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். மகனுக்கு வாய்த்த வேலையில் நாக்கை நீட்ட வழியில்லை. துரைமார் குடிக்கும் பானங்களைக் கலந்து கொடுக்கிற வேலை அது.

மேல்விஷாரத்தில் அந்த வேலைக்கு மரியாதை எப்படி இருக்கும்? பள்ளிவாசலில் அவருக்கு இடம் விட்டு உட்காருகிறவர்கள், மரியாதைக்காகத்தான் விடுகிறார்கள் என்று எப்போதும் சொல்ல முடியாது. "ஊத்துறது என் கை. வாய் இல்லை" என்று வாஹித் பாஷா சொல்லுவார். அதை யாரும் மறுத்ததில்லை, சரி என்று தலையாட்டியதும் இல்லை. ஆனால் அவர் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை என்பது மட்டும் ஊரறிந்த சேதி. ஐம்பத்து மூன்று வயதில் அவரிடம் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

துரைக்கு உயிரான பானம் ஷாம்பெயின் காக்டெயில். செய்முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கோப்பையின் அடியில் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் தலையில் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு நாலு சொட்டு. ஒரு கரண்டி பிராந்தி. அப்புறம், ஈரத்துணி சுற்றிக் குளிரவைத்த ஷாம்பெயினைக் கோப்பையின் ஓரமாகச் சாய்த்து ஊற்றினால் நுரை கட்டிக்கொண்டு எழும்பும். எலுமிச்சைத் தோலை ஒரு கிள்ளு கிள்ளி மேலே போட்டால் முடிந்தது. எல்லாம் பதமாக இருக்கிறதா என்று மற்ற பங்களாக்களின் பட்லர்கள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். சிலர் பல வாய் பார்ப்பார்கள். வாஹித் பாஷா கோப்பையைக் காதருகே தூக்கிப் பிடிப்பார். கட்டி கரைகிற ஓசை படபடவென்று வந்தால் பாட்டில் குளிரவில்லை. மெல்லிசாக, விடாமல் வந்தால் பதம். ஒன்பது வருஷம் அந்தக் காது ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

காது போன பிறகு அளவை மட்டும் நம்பிக் கலந்தார். பழக்க தோஷம், கோப்பையைக் காதுக்குத் தூக்குவதை மட்டும் விடவில்லை. கேட்கவில்லை என்பதைத் துரையிடம் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வார்? தோட்டக்காரனுக்குப் பார்வை மங்கியது என்று தெரிந்த மறுநாளே துரை அவன் சீட்டைக் கிழித்துவிட்டார். இந்த வயதில் வேறு எந்தப் பங்களாவில் இவரைச் சேர்ப்பார்கள்? வீட்டில் சாப்பிடுகிற வாய் ஆறு. அதனால் சமையற்காரி சவுரியம்மாளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மணி அடித்தாலோ துரை கூப்பிட்டாலோ அவள் வந்து கோட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாள். வெடுக்கென்று இழுத்தால் துரை, மெதுவாக இழுத்தால் துரைசாணி. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சீமைக்குப் போயிருந்த துரைசாணி திரும்பி வந்ததற்கு விருந்து. சர்ச் முடிந்து நாலு விருந்தாளிகள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சீமையிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கோப்பைகளில்தான் காக்டெயில் வரவேண்டும் என்று துரைசாணி எழுதியே அனுப்பிவிட்டாள். சவுரியம்மாளுக்கு அடுப்பில் மீன் வறுவல், வாணலியை விட்டு நகர முடியாது.

"பாய், இன்னைக்கு நான் வந்து இழுக்க முடியாது. நீங்களே கண்ணை வெச்சுப் பாத்துக்கோங்க" என்று அவர் காதில் கத்திவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

ஜன்னல் இல்லாத உக்கிராண அறையில் வாஹித் பாஷா பாட்டிலை எடுத்தார். ஷாம்பெயின் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்க்கு காய்ந்து காற்றெல்லாம் போய்விடும். அவர் காய்ச்சலில் கிடந்த கோடையில் எந்தப் புண்ணியவானோ இந்தப் பாட்டிலை நிற்கவைத்துவிட்டான் போலிருக்கிறது. கார்க்கு என்றைக்கும் இல்லாத சாதுவாகக் கையோடு வந்தது. நம் கைப்பக்குவம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சர்க்கரை, சொட்டு, பிராந்தி, எல்லாம் அளவாக விழுந்தன. ஷாம்பெயினை ஊற்றினார். அந்த இருட்டில் வெள்ளிக் கோப்பைக்குள் நுரை எழும்பியதா என்று தெரியவில்லை. முதல் கோப்பையைக் காதருகே தூக்கினார். புஸ் என்று கேட்டது. மெல்லிசாக, விடாமல், பழைய நாட்களில் கேட்டது போலவே கேட்டது. அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. காது திரும்பிவிட்டதோ என்று ஒரு கணம் நம்பிவிட்டார், பாவம்.

அந்தச் சந்தோஷத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்தார். துரை ஒரு வாய் குடித்தார், முகம் கோணியது. கூப்பிட்டார். வாஹித் பாஷா முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். துரை மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தரம் யாரோ மேசையைத் தட்டினார்கள். தரை அதிர்ந்ததில் திடுக்கிட்டுத் திரும்பியவர் துரைசாணியின் நாற்காலியில் இடறினார். தட்டு சாய்ந்து, அதில் மீதி இருந்த கோப்பைகளில் ஒன்று துரைசாணியின் கவுனில் கொட்டியது.

துரை எழுந்து கிட்டே வந்து கத்தினார். கத்தினதால் கேட்டது.

"வாஹித். நீ ஷாம்பெயின் குடிச்சது. பாட்டில்லே தண்ணி ஊத்தி வெச்சது."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் பட்லர்கள் இருந்தார்கள். அந்தச் சிரிப்பில் துரையின் கோபமும் இறங்கிவிட்டது. வாஹித் பாஷாவின் தோளில் கையைப் போட்டு, குடித்தவனிடம் பேசுகிற மாதிரி மறுபடியும் உரக்கச் சொன்னார்.

"பட்லர் எல்லாரும் குடிக்கறது. பதினோரு வருஷம், உனக்கு இது முதல் தடவை. மன்னிச்சாச்சு. போய்த் தூங்கு. நாளைக்கு வா."

வாஹித் பாஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வேலை பிழைத்துவிட்டது. ஒன்றும் பேசாமல் போனால் போதும். சமையல் கட்டு வாசலில் சவுரியம்மாள் வாணலியை விட்டுவிட்டு வந்து நின்று, வந்துவிடுங்கள் என்று கையால் சைகை காட்டினாள். இரண்டடி எடுத்து வைத்தார். தட்டில் கவிழாமல் நின்ற ஒரு கோப்பைக்குள் வெயில் விழுந்தது. உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. கிணற்று நீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ‘புஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாம் கேட்டது கோப்பையின் ஓசை இல்லை.

தட்டைக் கீழே வைத்தார்.

"துரை, நான் குடிக்கலை. இந்தப் பாட்டில் செத்துப்போன பாட்டில். எனக்குக் காது கேக்கலை, அதான் தெரியாம போச்சு. ரெண்டு வருஷமா கேக்கலை."

சிரிப்பு நின்றது. துரை தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். மீசைக்குக் கீழே உதடு அசைந்தது, அவ்வளவுதான். வாஹித் பாஷா திரும்பிச் சவுரியம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு, சவுரியம்மா."

அவள் கிட்டே வந்து இடது காதில் சொன்னாள். "குடிச்சவன்னா காலையில தெளிஞ்சிடுவான், செவிடன் என்னைக்குத் தெளிவான்னு கேக்கறாரு, பாய்."

"அப்புறம்?"

"நாளைக்கு வரவேணான்றாரு."

வாஹித் பாஷா தலைப்பாகையையும் பித்தளை வில்லை போட்ட இடுப்புப் பட்டையையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டார். உச்சி வெயிலில் ஆற்று மணல் பொரிந்தது. வழக்கமாக ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறவர் அன்றைக்கு மெதுவாகத்தான் நடந்தார்.

வீட்டில் சுகரா பேகம் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். அவளுக்கு ஆத்திரம் தாளவில்லை. அவர் காதில் வாயை வைத்தே கேட்டாள். "குடிச்சேன்னே இருந்துட்டா இன்னா? நீங்க குடிக்கலைன்னு அல்லாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். செவிட்டை மறைச்சதும் அவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அந்தப் பொய்யைத் தூக்கிக்கினு ஆத்துல நடந்தேன். குடிச்சேன்ற பொய்யையும் தலை மேல ஏத்திக்கினா எப்படி நடக்கறது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்டை வீட்டில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நடுப்பகல்ல வந்து நிக்கறீங்க. கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

"காது போச்சு, அதால வேலை போச்சுன்னு சொல்லு" என்றார் வாஹித் பாஷா. "சத்தமா சொல்லு. எனக்கும் கேக்கணும்."